உடல் தன்னையே தாக்கும் நோய்கள்: காரணத்தைத் தேடும் ஆராய்ச்சிக்கு யார் நிதி தருகிறார்கள்? அதனால் உங்களுக்கு என்ன பயன்?

முடக்குவாதம், லூபஸ், முதல் வகை நீரிழிவு, சொரியாசிஸ் போன்ற நோய்களுள் ஒன்று உங்களுக்கோ உங்கள் குடும்பத்தினருக்கோ இருக்கலாம். அவ்வாறாயின், மருத்துவரிடம் நீங்கள் கேட்ட முதற்கேள்வி “இது எனக்கு ஏன் வந்தது?” என்பதாகவும், இரண்டாவது கேள்வி “இதை முழுமையாகக் குணப்படுத்த முடியுமா?” என்பதாகவும் இருந்திருக்கும். இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் உள்ளது. நோயெதிர்ப்பு மண்டலம் ஏன் வழி தவறுகிறது என்பது தெளிவானால்தான் அதனைத் திருத்தும் வழியும் தெளிவாகும். அந்தத் தெளிவைத் தேடும் ஆராய்ச்சி இன்று எந்நிலையில் உள்ளது, அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது, நம் நாட்டில் உள்ள இடைவெளி என்ன, அதுவரை நீங்கள் செய்ய வேண்டியவை யாவை என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

தன்னுடல் தாக்குநோய் என்றால் என்ன?

நுண்கிருமிகளை அடையாளம் கண்டு அழிப்பது நோயெதிர்ப்பு மண்டலத்தின் பணி. “இது என் உடல், இது அயலான்” என்று பிரித்தறியும் திறன் அதற்கு உண்டு. அத்திறன் பிழைபட்டு, சொந்த உறுப்புகளையே அயலானாகக் கருதித் தாக்கத் தொடங்கும்போது ஏற்படுபவையே தன்னுடல் தாக்குநோய்கள். மூட்டின் உட்சவ்வு தாக்கப்பட்டால் முடக்குவாதம்; கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் தாக்கப்பட்டால் முதல் வகை நீரிழிவு; தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகள் ஒருங்கே தாக்கப்பட்டால் லூபஸ்.

இவை ஒவ்வொன்றும் தனித்தனியே குறைவான எண்ணிக்கையில் காணப்பட்டாலும், ஒன்றுசேர்த்துப் பார்த்தால் அரியவை அல்ல. இங்கிலாந்தில் 2.2 கோடி மக்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, 19 தன்னுடல் தாக்குநோய்களைக் கணக்கில் கொண்டது. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அவற்றுள் ஒன்றேனும் இருந்தது. பெண்களில் 13 விழுக்காட்டினரும் ஆண்களில் 7 விழுக்காட்டினரும் பாதிக்கப்பட்டிருந்தனர். நம் நாட்டில் முடக்குவாதம் குறித்து மட்டும் சில கள ஆய்வுகள் உள்ளன. டெல்லியை அடுத்த ஊரகப் பகுதியில் நடந்து 1993இல் வெளியான ஆய்வு, வயது வந்தோரில் 0.75 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கூறியது. பூனாவுக்கு அருகிலுள்ள பிக்வான் கிராமத்தில் 1996இல் வீடு வீடாகச் சென்று நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் அது சுமார் 0.5 விழுக்காடாக இருந்தது. அதாவது, ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் ஐந்து முதல் ஏழு பேருக்கு முடக்குவாதம் இருக்கக்கூடும்.

நோய்க்கு ஒற்றைக் காரணம் இல்லை. பிறவியிலேயே அமைந்த மரபணுக் கூறுகள் ஒரு பங்கு. தொற்று, புகை, தூசி, ஹார்மோன் மாற்றம் போன்றவை மறு பங்கு. “நான் உண்ட உணவால் வந்ததா, நான் செய்த தவறால் வந்ததா?” என்று உங்களை நீங்களே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

2025ஆம் ஆண்டின் நோபல் பரிசு உணர்த்துவது

2025ஆம் ஆண்டு அக்டோபர் 6 அன்று மருத்துவத்துக்கான நோபல் பரிசு மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கு அறிவிக்கப்பட்டது. நோயெதிர்ப்பு மண்டலம் தன் உடலைத் தாக்காதவாறு தடுக்கும் ‘ஒழுங்காற்று டி செல்கள்’ குறித்த கண்டுபிடிப்புக்காக அப்பரிசு வழங்கப்பட்டது. இச்செல்களை, காவலரையே கண்காணிக்கும் காவலர் என்று கொள்ளலாம். அவை குறைந்தாலோ செயலிழந்தாலோ மற்றச் செல்கள் கட்டுப்பாடின்றித் தாக்குகின்றன.

இக்கண்டுபிடிப்பின் வரலாறு, நிதி குறித்த நம் கேள்விக்கு நேரடியான விடையாகும். 1940களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில், கதிர்வீச்சின் விளைவுகளை அறிவதற்காக வளர்க்கப்பட்ட எலிகளிடையே செதில் படிந்த தோலுடன் சில ஆண் எலிகள் பிறந்து சில வாரங்களிலேயே இறந்தன. காரணம் அன்று எவருக்கும் தெரியவில்லை. உடனடிப் பயனும் தென்படவில்லை. ஆயினும் அந்த எலிக்குலம் பல பத்தாண்டுகள் பேணப்பட்டது. சகாகுச்சி 1995இல் ஒழுங்காற்றுச் செல்களை அடையாளம் காட்டினார். ‘அடக்கும் செல்கள்’ என்ற கருத்தையே பெரும்பாலான அறிவியலாளர் கைவிட்டிருந்த காலம் அது. 2001இல் பிரங்கோவும் ராம்ஸ்டெலும் அந்த எலிகளின் நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டறிந்தனர். அதே மரபணுவில் பிழை இருந்தால் ஆண் குழந்தைகளுக்குக் கடுமையான தன்னுடல் தாக்குநோய் ஏற்படுகிறது என்பதும் அப்போது உறுதியானது. 2003இல் இவ்விரு கண்டுபிடிப்புகளும் ஒன்றிணைந்தன.

பயன் எப்போது கிட்டும் என்று உறுதி கூற இயலாத ஆராய்ச்சிக்கு அரை நூற்றாண்டுக் காலம் யாரோ தொடர்ந்து செலவு செய்ததன் விளைவு இது. காரணத்தைத் தேடும் ஆராய்ச்சியின் இயல்பே இதுதான். லாபத்தை எதிர்நோக்கும் முதலீடு இத்தனை காலம் காத்திருப்பது அரிது. எனவே, இத்தகைய ஆராய்ச்சியின் தொடக்கச் சுமையைப் பெரும்பாலும் பொதுநிதியும் அறக்கொடையுமே தாங்குகின்றன.

உங்கள் கையிலுள்ள மாத்திரையின் கதை

முடக்குவாத நோயாளிகள் பலருக்கும் அறிமுகமான மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலம் குறித்த பணியின் ஊடாக உருவானது இம்மருந்துக் குடும்பம். முதலில் அது இரத்தப்புற்றுநோயுள்ள குழந்தைகளுக்கு அளிக்கப்பட்டது. 1951இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த மருந்து முடக்குவாதத்திலும் பயன் தருவதாக ஒரு மருத்துவர் பதிவு செய்தார். எனினும், முறையான ஒப்பீட்டு ஆய்வுகள் 1980களில்தான் வெளிவந்தன. 1988இல்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முடக்குவாதத்துக்கு அதனை ஏற்றது. முதற்குறிப்புக்கும் ஒப்புதலுக்கும் இடையே 37 ஆண்டுகள் கழிந்தன. விலை மலிந்த பழைய மருந்தை ஆராய முன்வருவோர் குறைவாக இருக்கும்போது, இழப்பு நோயாளியுடையதாகிறது.

மற்றொரு கதை, சேத்துப்பட்டு மக்களுக்கு அந்நியமானதன்று. தொழுநோய்ச் சிகிச்சைக்காக இவ்வட்டாரத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய புனித தாமஸ் மருத்துவமனையை இவ்வூரார் அறிவர். தொழுநோயில் கிருமி செய்யும் கேட்டைவிட, அக்கிருமிக்கு எதிராக உடல் காட்டும் மிகையான எதிர்வினை சில வேளைகளில் அதிகக் கேடு செய்கிறது. திடீரென வலிமிகு கட்டிகளும் காய்ச்சலும் தோன்றும் அவ்வெதிர்வினைக்குத் தாலிடமைடு என்ற மருந்து பயன் தருவதை 1964இல் ஜெருசலேமில் ஷெஸ்கின் என்ற மருத்துவர் கவனித்தார். அது ஏன் பயன் தருகிறது என்பது 1991இல் தெரியவந்தது: ‘டிஎன்எஃப்’ என்னும் அழற்சிப் புரதத்தை அது குறைக்கிறது.

அதே காலத்தில், லண்டனிலுள்ள கென்னடி நிலையத்தில் மார்க் ஃபெல்ட்மனும், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் முடக்குவாத மூட்டில் அதே புரதமே அழற்சியைத் தூண்டுவதாகக் கண்டனர். 1992இல் அப்புரதத்தைத் தடுக்கும் மருந்தை 20 நோயாளிகளுக்கு அளித்துப் பார்த்தனர். இன்றைய ‘உயிரியல் மருந்துகள்’ பலவற்றுக்கும் அதுவே தொடக்கம். அந்நிலையத்தின் பணிக்குப் பெருமளவில் துணைநின்றது மூட்டு நோயாளிகளுக்கான ஓர் அறக்கட்டளை. அங்கு ஆராய்ச்சிக்குச் சேர்ந்த சிறு சிறு நன்கொடைகள், உலகெங்கும் உள்ள நோயாளிகளுக்குப் பயன்படும் மருந்துகளாக விரிந்தன.

அம்மருந்துகள் தொடக்கத்தில் நம் நாட்டவர்க்கு எட்டாத விலையில் இருந்தன. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் அடாலிமுமாப் மருந்தின் உலகின் முதல் நிகர் உயிரியல் மருந்தை ஓர் இந்திய நிறுவனம் வெளியிட்டது. மூல மருந்தைவிட மிகக் குறைந்த விலையில் அது கிடைத்தது. பிறர் கண்டறிந்ததை மலிவாகச் செய்து தரும் திறன் நம்மிடம் உண்டு என்பதற்கு இது சான்று. நம் மக்களுக்குரிய காரணங்களை நாமே கண்டறியும் திறனை அதே அளவுக்கு வளர்ப்பதே இப்போதுள்ள பணி.

இந்தியாவில் நிதி எங்கிருந்து வருகிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1911இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் என்ற பெயரில் தொடங்கி, 1949 முதல் இப்பெயரில் இயங்குகிறது. உயிரித் தொழில்நுட்பத் துறை 1986 முதல் செயல்படுகிறது. அத்துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் இணைந்து 2008இல் ஏற்படுத்திய கூட்டமைப்பு, இளம் ஆய்வாளர்களுக்கு நிதி அளிக்கிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாயைத் திரட்டி அனைத்து அறிவியல் துறைகளுக்கும் வழங்கத் திட்டமிட்டது. அதில் 14,000 கோடி மட்டுமே அரசின் பங்கு. எஞ்சிய 36,000 கோடி தொழில்துறை, நன்கொடையாளர் போன்ற பிற வழிகளில் திரள வேண்டும்.

2025ஆம் ஆண்டு ஜூலையில் ஒப்புதல் பெற்று, நவம்பரில் தொடங்கப்பட்ட ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதித் திட்டத்தைச் செய்திகளில் நீங்கள் கண்டிருக்கலாம். இத்தொகை பெரிது, ஆயினும் அதன் தன்மையைப் புரிந்துகொள்வது நலம். அது பெரும்பாலும் தனியார் துறைக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியின்றியோ நீண்ட காலக் கடனாகவும் முதலீடாகவும் வழங்கப்படுவது. ஓரளவு முதிர்ந்து, சந்தையை நெருங்கும் நிலையிலுள்ள தொழில்நுட்பங்களுக்கு அது உரியது. ஒரு மருந்தை உற்பத்தி நிலைக்குக் கொண்டுசெல்ல அது உதவும். ஆனால், “ஆரணிப் பகுதிப் பெண்களுக்கு முடக்குவாதம் ஏன் வருகிறது?” என்ற கேள்வியைக் கடன் வாங்கி ஆராய இயலாது, அக்கேள்விக்குத் திருப்பிச் செலுத்தும் வருவாய் இல்லை. அதற்கு மானியமே தேவை.

ஒட்டுமொத்தமாக நோக்கினால், 2020-21இல் நம் நாடு ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிட்டது உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. சீனா 2 விழுக்காட்டுக்கு மேலும், தென்கொரியா 4 விழுக்காட்டுக்கு மேலும் செலவிடுகின்றன. தொற்றா நோய்களுக்கான நமது தேசியத் திட்டம் புற்றுநோய், நீரிழிவு, இதய நோய், பக்கவாதம் முதலியவற்றை மையமாகக் கொண்டது. முடக்குவாதமும் லூபஸும் அதில் தனியிடம் பெறவில்லை.

செல்வ நாடுகளிலும் இக்குறை உண்டு. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்நாட்டின் தேசியச் சுகாதார நிறுவனங்கள் தன்னுடல் தாக்குநோய் ஆராய்ச்சிக்கு ஒதுக்கியது அவற்றின் மொத்த நிதியில் ஏறத்தாழ 2.8 விழுக்காடு மட்டுமே. ஒவ்வொரு நோயும் ஒவ்வொரு பிரிவின்கீழ் வருவதால், அனைத்துக்கும் பொதுவான நோயெதிர்ப்புக் காரணத்தை ஒருங்கே ஆராய எவரும் பொறுப்பேற்கவில்லை என்றும் அம்மதிப்பீடு சுட்டியது. 2023இல் அதற்கெனத் தனி அலுவலகம் ஏற்பட்டது. 2025இல் அந்நாட்டில் பல ஆராய்ச்சி மானியங்கள் இடையில் நிறுத்தப்பட்டன. பிற நாட்டு நிதியை நம்பி மட்டும் நம் நோயாளிகளின் எதிர்காலத்தை அமைக்க இயலாது என்பதை இது நினைவூட்டுகிறது.

நம் ஊர்க் கேள்விகளை நாமே கேட்க வேண்டியது ஏன்?

சேத்துப்பட்டிலும் ஆரணியைச் சூழ்ந்த ஊர்களிலும் பட்டு நெசவு பல குடும்பங்களின் வாழ்வாதாரம். பாவு தோய்ப்பது முதல் தறியில் அமர்ந்து நெய்வது வரை வீட்டிலுள்ள ஆண், பெண் அனைவரும் பங்கேற்கின்றனர். நூலிழைத் தூசியோடு நாள்தோறும் புழங்கும் தொழில் இது.

மலேசியாவில் முடக்குவாதமுள்ள 910 பெண்களையும் நோயற்ற 910 பெண்களையும் ஒப்பிட்டு நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. துணித்தூசி சூழ்ந்த பணியில் இருந்த பெண்களுக்கு முடக்குவாதம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்ததாக அது தெரிவித்தது. இதைப் படித்து நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. தறியை விட்டு எழ வேண்டியதுமில்லை. ஓர் ஆய்வு ஒரு தொடர்பைக் காட்டியுள்ளது. அது காரணத்தை நிறுவிவிடவில்லை. ஆலைத் தூசியும் கைத்தறிப் பட்டின் தூசியும் ஒன்றல்ல. ஆயினும், இது ஆராயத்தக்க கேள்வி. பட்டு நெசவு நடக்கும் ஊர்களில், நெசவாளர்களையும் பிற தொழில் செய்வோரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தால்தான் அதற்கு விடை கிடைக்கும். அந்த விடையை லண்டனோ பாஸ்டனோ நமக்காகத் தேடித் தராது.

இத்தகைய முயற்சிகளுக்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரிகள் உள்ளன.

• பெரிய இரத்தக்குழாய்களைத் தாக்கும் தகயாசு தமனியழற்சி ஆசிய நாடுகளில் இளம்பெண்களிடையே கூடுதலாகக் காணப்படுவது. அந்நோயின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண் முறையை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட இந்திய மையங்களின் மருத்துவர்கள் உருவாக்கினர். அது 2013இல் வெளியாகி, பிற நாடுகளிலும் பயன்படுகிறது.

• லூபஸ் நோயாளிகளை நோயின் தொடக்கம் முதலே பின்தொடரும் ‘இன்ஸ்பயர்’ என்னும் பல்மையத் தொடராய்வு, உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியுதவியுடன் நடைபெறுகிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் அதில் சேர்க்கப்பட்டுள்ளனர்.

• இளம் வயதில் தொடங்கும் நீரிழிவுக்கான தேசியப் பதிவேட்டை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2006இல் தொடங்கியது.

• இந்திய மக்களின் மரபணு வேறுபாடுகளைப் பதிவு செய்யும் ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தின்கீழ் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதித் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. எந்த மரபணுக் கூறு நம் மக்களில் நோய்க்கு வழிவகுக்கிறது என்று ஒப்பிட்டறிய இது அடித்தளமாகும்.

புதிய சிகிச்சைகள்: நம்பிக்கையும் எச்சரிக்கையும்

காரணத்தை அறிந்ததன் பயன் இப்போது தெரியத் தொடங்கியுள்ளது. லூபஸில் தவறான எதிர்ப்பொருள்களை உருவாக்குபவை பி செல்கள். நோயாளியின் டி செல்களை வெளியே எடுத்து, பி செல்களை அழிக்கும்படி மாற்றியமைத்து, மீண்டும் உடலில் செலுத்துவதே ‘கார் டி செல்’ சிகிச்சை. ஜெர்மனியின் எர்லாங்கன் நகர மருத்துவர்கள் 2021இல் இதனைக் கடும் லூபஸ் கொண்ட ஓர் இளம்பெண்ணுக்கு அளித்தனர். 2024இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில், லூபஸ் உள்ளிட்ட மூன்று நோய்களைச் சேர்ந்த 15 பேரும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளை நிறுத்த முடிந்திருந்தது. முதல் வகை நீரிழிவு வரவிருக்கும் நிலையிலுள்ளோருக்கு டெப்லிசுமாப் என்ற மருந்து நோயின் தொடக்கத்தைச் சராசரியாகச் சுமார் இரண்டு ஆண்டுகள் தள்ளிவைப்பதாக நிறுவப்பட்டு, 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இந்தியாவிலும் கார் டி செல் தயாரிக்கும் திறன் உண்டு. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாடா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கிய ‘நெக்ஸ்கார்19’ 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. வெளிநாட்டு விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு அது கிடைக்கிறது. எனினும், அது சில வகை இரத்தப் புற்றுநோய்களுக்காக ஒப்புதல் பெற்றது. அதன் செலவும் பல லட்சம் ரூபாய் ஆகும்.

ஆகவே, மூன்று செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள். முதலாவது, 15 பேரிடம் கிடைத்த நல்ல முடிவு, அனைவருக்கும் கிடைக்கும் என்ற உறுதியன்று. இரண்டாவது, இச்சிகிச்சையில் கடும் காய்ச்சல், இரத்த அழுத்தக் குறைவு, தொற்று போன்ற ஆபத்துகள் உண்டு. மூன்றாவது, “ஸ்டெம் செல் மூலம் முடக்குவாதத்தைக் குணப்படுத்துகிறோம்” என்று விளம்பரம் செய்து பணம் கேட்போரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒப்புதல் பெற்ற ஆய்வுக்கு வெளியே அத்தகைய சிகிச்சையை விற்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் ஏற்கவில்லை. நிலத்தையோ நகையையோ விற்று அதற்குப் பணம் கட்ட முற்படும் முன், அரசு மருத்துவமனை மருத்துவர் ஒருவரிடம் கலந்தாலோசியுங்கள்.

ஆய்வில் பங்கேற்குமாறு உங்களை அழைத்தால்

ஆராய்ச்சிக்குப் பணம் மட்டும் போதாது. நோயாளிகளின் ஒத்துழைப்பும் வேண்டும். உங்கள் இரத்த மாதிரியும் நோய் வரலாறும் அடுத்த தலைமுறைக்குப் பயன்படலாம். அதேவேளையில் உங்கள் உரிமைகளையும் அறிந்திருங்கள்.

• மருந்தாய்வுகள் அனைத்தும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். 2009 ஜூன் முதல் இது கட்டாயம். பதிவெண்ணைக் கேட்டுப் பெறுங்கள்.

• ஆய்வின் நோக்கம், பயன், ஆபத்து ஆகியவற்றை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிய பின்னரே கையொப்பம் பெற வேண்டும். வீட்டாரிடம் கலந்து முடிவெடுக்க நேரம் கேட்கலாம்.

• எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகுவதால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.

• ஆய்வின் காரணமாக உடல்நலக் கேடு ஏற்பட்டால், 2019ஆம் ஆண்டு விதிகளின்படி மருத்துவச் சிகிச்சையும் இழப்பீடும் பெற உரிமை உண்டு.

• ஆய்வு மருந்துக்கு உங்களிடம் கட்டணம் கேட்டால், ஒப்புக்கொள்ளும் முன் நெறிமுறைக் குழுவை அணுகி விளக்கம் பெறுங்கள். அக்குழுவின் தொடர்பு விவரம் ஒப்புதல் படிவத்தில் இருக்கும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியவை

ஆராய்ச்சியின் முழுப் பயன் வர ஆண்டுகள் ஆகலாம். ஆனால், இன்றுள்ள மருந்துகளை உரிய காலத்தில் தொடங்கினாலே மூட்டுகள் சிதைவதைப் பெருமளவு தடுக்கலாம். இங்குதான் நம்மிடையே இழப்பு மிகுதி. “தறி வேலை என்றால் கை வலிக்கத்தான் செய்யும்” என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதால், மருத்துவரை அணுகும்போது விரல்கள் கோணத் தொடங்கியிருக்கும்.

வேலையால் வரும் வலி, வேலை செய்யச் செய்யக் கூடி ஓய்வெடுத்தால் குறையும். முடக்குவாத வலி பெரும்பாலும் காலையில் எழும்போதே மிகுந்திருக்கும்; மூட்டு இறுக்கம் தளர அரைமணி முதல் ஒருமணி நேரத்துக்கு மேல் ஆகும். இரு கைகளிலும் விரலடி மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கி, தொட்டால் வலிக்கும். இவ்வறிகுறிகள் சில வாரங்கள் நீடித்தால் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையோ வட்ட மருத்துவமனையையோ அணுகுங்கள். அங்கிருந்து திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மூட்டு மற்றும் இணைப்புத்திசு நோய்களுக்கான தனித்துறையுள்ள சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ பரிந்துரை பெறலாம். எங்குச் செல்வதென்று தெரியாவிட்டால் 104 என்ற எண்ணில் தகவல் கேளுங்கள். உள்நோயாளிச் சிகிச்சை தேவைப்படுமாயின், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்களுக்குரிய சிகிச்சை அடங்குமா என்று மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் கேட்டறியுங்கள்.

மருந்து உட்கொள்வோர் மறவாமல் கவனிக்க வேண்டியவை:

• முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் உட்கொள்வது. நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதை மருந்துச் சீட்டிலும் வீட்டு நாட்காட்டியிலும் குறித்து வையுங்கள். பராமரிப்பவரும் அதனை அறிந்திருக்கட்டும்.

• கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவியுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் கருவுக்குத் தீங்கு செய்யும். அதனை முன்னரே நிறுத்த வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பெரும்பாலும் கர்ப்ப காலத்திலும் தொடரத்தக்கது; தாமாக நிறுத்த வேண்டாம்.

• ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நீண்ட காலம் உட்கொள்வோர், தொடக்கத்தில் ஒருமுறையும் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

• டிஎன்எஃப் தடுப்பு மருந்துகளைத் தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை இன்றியமையாதது. மறைந்துள்ள காசநோயை அம்மருந்துகள் தூண்டிவிடக்கூடும்.

• வலி குறைந்தவுடன் மருந்தை நிறுத்துவது தவறு. வலி அடங்கியது மருந்தின் பயனே. நோய் நீங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளமன்று.

• வலிக்கெனக் கடைகளில் தரும் பெயரறியா மாத்திரைகளைத் தவிருங்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும்.

• புகைபிடித்தல் முடக்குவாதத்தின் வாய்ப்பையும் கடுமையையும் கூட்டுகிறது. விட்டுவிட இன்றே உதவி நாடுங்கள். தறிக்கூடத்தில் காற்றோட்டம் அமைத்தலும், உலர்ந்த தூசியைக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்தலும் பொதுவாகவே நுரையீரலுக்கு நல்லது.

நிறைவாக

காரணத்தை அறியும் ஆராய்ச்சி மெதுவானது. ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் முதல் கார் டி செல் வரை நோயாளிக்குக் கிடைத்த ஒவ்வொரு முன்னேற்றமும் அதன் வழியே வந்தது. அதற்கு நிதி ஒதுக்க வேண்டியது அரசு, அறக்கட்டளைகள், தொழில்துறை ஆகிய மூன்றின் பொறுப்பு. எந்த ஊரில் எத்தனை பேருக்கு இந்நோய் உள்ளது என்ற கணக்கு இருந்தால்தான் அந்நிதியைக் கேட்டுப் பெற முடியும். நோயை மறைக்காமல் உரிய நேரத்தில் மருத்துவமனைக்கு வந்து, பெயரும் விவரமும் பதிவு செய்துகொள்ளும் ஒவ்வொருவரும் அந்தக் கணக்கை முழுமையாக்குகிறீர்கள். மருத்துவரை அடுத்த முறை சந்திக்கும்போது “என் நோய்க்கு இங்கே ஏதேனும் பதிவேடோ தொடராய்வோ உள்ளதா?” என்று கேளுங்கள். உங்கள் கையின் வலி உங்களோடு முடிந்துவிடாமல், உங்கள் மகளின் கை வலிக்காமல் இருக்கவும் பயன்படட்டும்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றத்தையும் உங்கள் மருத்துவரின் ஆலோசனையின்றிச் செய்ய வேண்டாம்.